விரல் தட்ட, மணிக்கட்டு வலிப்பது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் என் இயற்பியல் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள் ஆய்வகத்தில் என்னிடம் வந்து நின்றாள். வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. திருகு அளவியின் தலையைப் பிடித்துத் திருக முடியவில்லை என்றாள்.

"விழுந்துவிட்டாயா அம்மா?" என்று கேட்டேன்.

விழவில்லை. கல்லூரி முடிந்ததும் மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஓர் அலுவலகத்தில் கணிப்பொறியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலை பார்த்து வந்தாள். அவளது கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அந்த வேலைதான். மூன்று மாதங்களாக வலி. "உட்கார்ந்த இடத்தில் விரலால் தட்டுகிற வேலைக்கு வலியா? எல்லாம் சோம்பல்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவளுக்கே தன் வலிமீது ஐயம் வந்துவிட்டது.

"சார், நான் எடை எதுவும் தூக்கவில்லையே. பிறகு எப்படி வலிக்கும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இயற்பியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அன்று என்னால் முழு விடை கூற முடியவில்லை. பின்னர் படித்தும் கணக்கிட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கு உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பலர் நாளை கணிப்பொறியின் முன் அமர்ந்து பிழைக்கப் போகிறவர்கள். ஆகவே இது உங்கள் கையின் கதை.

ஒரு சொல் விளக்கம் முதலில் தேவை. விசைப்பலகையில் நாம் அழுத்துவதும் 'விசை'. நியூட்டன் விதிகளில் வருவதும் 'விசை'. குழப்பம் நேராமலிருக்க, அழுத்தும் பொத்தானை இக்கட்டுரையில் 'கீ' என்றே அழைப்போம். தட்டச்சுப் பயிலகங்களில் வழங்குகிற சொல்லும் அதுவே.

ஒரு குடம் தண்ணீர்

கணிப்பொறியின் ஒரு கீயை அழுத்த ஏறக்குறைய அரை நியூட்டன் விசை வேண்டும். அதாவது 50 கிராம் எடையை விரல் நுனியில் தாங்குவதற்குச் சமம். சாதாரண மேசைக் கணிப்பொறியில் கீ கீழே இறங்கும் தொலைவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். வேலை என்பது விசையையும் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது. எனவே ஒரு தட்டுக்கு 0.5 × 0.004 = 0.002 ஜூல்.

நிமிடத்திற்கு 40 சொற்கள், சொல்லுக்கு 5 எழுத்து என்று வைத்துக்கொண்டால் நிமிடத்திற்கு 200 தட்டுகள். ஒரு மணி நேரத்தில் 12,000. அந்த மாணவி வேலை செய்த நான்கு மணி நேரத்தில் 48,000. மொத்த வேலை 48,000 × 0.002 = 96 ஜூல்.

96 ஜூல் என்பது எவ்வளவு? 10 லிட்டர் தண்ணீர் நிரம்பிய குடத்தைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்திற்கு, அதாவது ஒரு மீட்டர் தூக்கினால் 98 ஜூல் வேலை செய்கிறோம். நான்கு மணி நேரம் தட்டச்சு செய்வதும் ஒரே ஒரு குடத்தை ஒரே ஒருமுறை இடுப்பில் ஏற்றுவதும் இயற்பியல் கணக்கில் சமம்!

ஒரு குடத்தைத் தூக்கியதால் யாருக்கும் மூன்று மாதம் மணிக்கட்டு வலித்ததில்லை. ஆக, வீட்டார் சொன்னது சரிதானோ? அவசரப்பட வேண்டாம். கணக்கில் பிழை இல்லை. தவறான அளவைக் கணக்கிட்டோம் என்பதுதான் பிழை. உடல் வலிப்பது ஜூலைப் பொறுத்ததன்று.

எஞ்சின் எங்கே இருக்கிறது?

உங்கள் இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, வலக்கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது இடக்கை விரல்களை மேசைமீது தாளம் போடுவதுபோல் ஆட்டுங்கள். பிடித்த கைக்கு அடியில் ஏதோ நெளிவதை உணர்கிறீர்கள் அல்லவா?

அங்கேதான் எஞ்சின் இருக்கிறது. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் கிடையாது. பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளில் போய்ப் பொருந்துகின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்கு மேலே நின்று கயிற்றை இழுக்க, கீழே பொம்மையின் கை அசைவதைப் போன்ற ஏற்பாடு இது. தசைகளை எல்லாம் விரலிலேயே வைத்திருந்தால் நம் விரல்கள் வாழைப்பழம்போல் தடித்திருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது.

இந்த வசதிக்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். விரல் நுனியில் நடக்கும் ஒவ்வோர் அசைவுக்கும் மணிக்கட்டு வழியாக ஒரு கயிறு ஓட வேண்டியிருக்கிறது.

அரை நியூட்டன் ஆறு நியூட்டனாவது

விரலின் கடைசி மூட்டை ஒரு நெம்புகோலாகப் பார்ப்போம். மூட்டே சுழல் புள்ளி. கீயைத் தொடும் விரல் நுனி அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மடக்கும் தசைநாணோ மூட்டின் மையத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தொலைவில்தான் செல்கிறது. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால், நுனியில் உள்ள விசையைப்போல் மூன்று மடங்கு இழுவிசை நாணில் இருக்க வேண்டும். கையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நாணில் நுண்ணிய அளவியைப் பொருத்தி அளந்தவர்களும் சராசரியாக மூன்று மடங்கையொட்டிய விடையையே கண்டார்கள்.

இத்துடன் முடியவில்லை. கீக்கு அரை நியூட்டன் போதும். ஆனால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோர் குறைவு. கீ அடித்தளத்தில் மோதிய பின்பும் விரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அளந்து பார்த்ததில், தட்டச்சு செய்பவர்கள் தேவையானதைவிட இரண்டரை மடங்கு முதல் ஏறத்தாழ நான்கு மடங்குவரை கூடுதல் விசையுடன் தட்டுவது தெரியவந்தது. நான்கு மடங்கு என்றால் நுனியில் 2 நியூட்டன். நாணில் 6 நியூட்டன். 50 கிராம் என்று எண்ணியது 600 கிராம் ஆகிவிட்டது! இந்த இழுப்புதான் பத்து விரல்களுக்கும் பங்கிடப்பட்டு மணிக்கு 12,000 தடவை நிகழ்கிறது.

கிணற்றுக் கப்பி

இந்த 6 நியூட்டன் கயிறு நேராகச் சென்றால் அதிகத் தொல்லை இல்லை. வளைந்து சென்றால்?

கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு கப்பியின்மீது வளைந்து செல்கிறது. கயிறு வளைவதால்தான் கப்பி அழுத்தப்படுகிறது. நேராகச் செல்லும் கயிற்றின் அருகில் ஒரு கப்பியை வைத்தால் அதன்மீது எந்த அழுத்தமும் விழாது. கயிற்றின் இழுவிசை இ என்றும், கயிறு வளையும் கோணம் கோ என்றும் கொண்டால், கப்பிமீது விழும் விசை 2 × இ × சைன் (கோ/2) ஆகும். விசைகளின் இணைகர விதியைப் படித்தவர்கள் இதை நீங்களே வருவித்துப் பார்க்கலாம்.

மணிக்கட்டுதான் இங்கே கப்பி. இழுவிசை 6 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிடுவோம். மணிக்கட்டு நேராக இருந்தால் அழுத்தும் விசை சுழி. 20 பாகை வளைந்தால் 2.1 நியூட்டன். 40 பாகைக்கு 4.1 நியூட்டன். 60 பாகைக்கு முழுதாக 6 நியூட்டன்.

கையை மேல்நோக்கி வளைத்தால் நாண்கள் மணிக்கட்டு எலும்புகளின்மீது அழுந்துகின்றன. கீழ்நோக்கி வளைத்தால், அவற்றை மூடியிருக்கும் நார்ப்பட்டையின்மீதும் அதை ஒட்டிச் செல்லும் நரம்பின்மீதும் அழுந்துகின்றன. நாண்களைச் சுற்றி வழுக்குநீர் சுரக்கும் மெல்லிய உறைகள் உண்டு. வண்டி அச்சுக்கு மசகுபோல அவை உராய்வைக் குறைக்கின்றன. ஆயினும் செங்குத்து விசை கூடக் கூட உராய்வும் கூடும் என்ற விதி உடம்புக்கும் பொருந்தும்.

நீங்களே இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒரு நூலின் முனையில் அரைக் கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டு, நூலை ஒரு பென்சிலின் வழியே வளைத்துப் பிடியுங்கள். வளைவை அதிகமாக்க ஆக்க, பென்சில் உங்கள் கையை அழுத்துவது கூடும். அடுத்து, மணிக்கட்டை உட்புறமாக நன்றாக மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கி முட்டி பிடியுங்கள். பிடி தளர்ந்திருக்கும். மணிக்கட்டை நிமிர்த்தியதும் வலிமை திரும்பிவிடும். வளைந்த மணிக்கட்டில் தசைகள் எவ்வளவு இடர்ப்படுகின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

நெருக்கடியான சுரங்கம்

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைந்த ஒரு தொட்டிபோல் அமைந்துள்ளன. தொட்டியின் வாயைக் குறுக்காக ஒரு நார்ப்பட்டை மூடுகிறது. இடையே உண்டாகும் சுரங்கத்தின் வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. நான்கு விரல்களுக்கு இரண்டிரண்டாக எட்டு, கட்டைவிரலுக்கு ஒன்று, ஆக ஒன்பது. அந்த நரம்புக்கு நடு நரம்பு என்று பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் தொடு உணர்ச்சி அந்த நரம்பின் பொறுப்பு.

1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தச் சுரங்கத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தனர். நலமுள்ளவர்களுக்கு, மணிக்கட்டு நேராக இருக்கும்போது அழுத்தம் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம் மட்டுமே. மணிக்கட்டை முழுதும் மடக்கியபோது அதே மனிதர்களுக்கு 31 ஆக உயர்ந்தது. பின்புறமாக வளைத்தபோது 30. ஏற்கெனவே நடு நரம்பு நசுங்கி நோயுற்றவர்களுக்கோ நேரான நிலையிலேயே 32. வளைத்தபோது 90க்கும் மேல்.

30 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். இந்த அளவு அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களில் ஓட்டம் மந்தமாகிறது. உட்கார்ந்து கால் மரத்துப்போவதைப்போல விரல்கள் மரக்கின்றன. இதைத்தான் மருத்துவர்கள் கார்ப்பல் டன்னல் நோய் என்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. தட்டச்சு செய்பவர்களுக்குக் கை வலித்தாலே அது கார்ப்பல் டன்னல் நோய் என்று பலர் நம்புகிறார்கள். 2003 இல் டென்மார்க்கிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. கணிப்பொறியில் பணிபுரிந்த ஏறத்தாழ 7000 பேரைக் கவனித்ததில், கீபோர்டை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு இந்நோய் அதிகம் வந்ததாகத் தெரியவில்லை. மவுஸை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் சிறிது தொடர்பு காணப்பட்டது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கருவுற்றிருத்தல் ஆகியவை இந்நோய்க்கு இடம் கொடுப்பவை. தட்டச்சினால் வரும் வலியில் பெரும்பகுதி தசைகளின், தசைநாண்களின் வலியே.

அசையாத தசையின் வேலை

அப்படியானால் தசை ஏன் வலிக்கிறது? மற்றுமொரு சோதனை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கையை முன்னால் நீட்டி அசையாமல் பிடித்திருங்கள். புத்தகம் நகரவில்லை. இயற்பியல் கணக்குப்படி நீங்கள் செய்த வேலை சுழி. ஆனால் சில நிமிடங்களில் தோள் கெஞ்சத் தொடங்கிவிடும்.

சுருங்கியிருக்கும் தசை, தனக்குள்ளே ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கியும் விரிந்தும் மாறிமாறி இயங்குவதால் இரத்தம் தடையின்றி ஓடுகிறது. அசையாமல் சுருங்கியே இருந்தால் உணவும் பிராணவாயுவும் குறைவாக வருகின்றன. கழிவுகள் வெளியேறத் தாமதமாகிறது.

தட்டச்சு செய்யும்போது விரல் அசைகிறது என்று மட்டும் பார்க்கிறோம். அந்த விரல்களைக் கீபோர்டுக்கு மேலே ஏந்திப் பிடித்திருக்கும் முன்கைத் தசையும், கையைத் தாங்கும் தோள் தசையும், தலையைத் தாங்கும் கழுத்துத் தசையும் நான்கு மணி நேரம் அசையாமல் வேலை செய்கின்றன. நம்முடைய 96 ஜூல் கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. குடம் தூக்கியவர் அதை இறக்கிவைத்துவிட்டார். அந்த மாணவி இறக்கிவைக்கவேயில்லை!

முந்நூறு ஆண்டுப் பழைய வலி

இந்த வலி கணிப்பொறியுடன் பிறந்ததன்று. இத்தாலியின் பெர்னார்டினோ ராமசீனி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713 இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்தார். அவர்களது துன்பத்திற்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே வகையில் இடைவிடாது அசைத்தல், பிழை நேரக் கூடாதே என்ற மனஇறுக்கம். வலக்கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், நாளடைவில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இறகுப் பேனாவின் எடை எவ்வளவு இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

பின்னர் தந்தி வந்தது. மோர்ஸ் கருவியின் கட்டையை நாள் முழுதும் தட்டிய தந்தி ஊழியர்களின் கைகள் இறுகிப் பிடித்துக்கொண்டன. 1875 இல் ஒனிமுஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். 1908 இல் பிரிட்டன் இதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ஷோல்ஸும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற தட்டச்சுப்பொறி, 1874 இல் ரெமிங்டன் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அதன் கீகள் கணிப்பொறிக் கீகளைவிடக் கடினமானவை. 1990களில் நான் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தபோது, 'ஏ' எழுத்தைத் தட்ட வேண்டிய இடது சுண்டுவிரல் முதல் வாரம் முழுதும் சோர்ந்து விழுந்தது நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பொறியில் மறைமுகமான ஒரு நன்மை இருந்தது. வரி முடியும்போது மணி அடிக்கும். கையைத் தூக்கி நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவிப் புதுத்தாள் செருக வேண்டும். தவறு நேர்ந்தால் அழிப்பானைத் தேட வேண்டும். கை அறியாமலே ஓய்வும் மாற்று அசைவும் பெற்றது. கணிப்பொறி கீயை மென்மையாக்கிவிட்டு, அந்தச் சிறு ஓய்வுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

ஆஸ்திரேலியா கற்பித்த பாடம்

1980களில் ஆஸ்திரேலியாவில் கணிப்பொறித் திரையின் முன் பணியாற்றிய ஆயிரக்கணக்கானோர் கைவலி என்று முறையிட்டனர். அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றிலேயே 1981 முதல் 1985 வரை ஏறத்தாழ 4000 முறையீடுகள் பதிவாயின. 'கங்காருப் பாதம்' என்று சிலர் அதைக் கேலி செய்தார்கள். மருத்துவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தனர். திசுக்கள் காயமுற்றுள்ளன என்றது ஓர் அணி. எக்ஸ் கதிரிலோ இரத்தப் பரிசோதனையிலோ எதுவும் தெரியவில்லையே, இது மனம் சார்ந்தது என்றது மற்றோர் அணி. 1980களின் பிற்பகுதியில் முறையீடுகள் குறைந்துபோயின.

அந்தப் பதிவுகளில் வியப்பான ஒன்று இருந்தது. நாள் முழுதும் மிக வேகமாகத் தட்டிய தந்திப் பிரிவினரிடம் முறையீடுகள் மிகக் குறைவு. குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளர்களிடம் மிக அதிகம். எனவே தட்டுகளை எண்ணுவதால் மட்டும் வலியை முன்னறிய முடியாது. வேலையின் நெருக்கடி, தன் வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாத நிலை, மேலதிகாரியின் கண்காணிப்பு, கவலை ஆகியவையும் பங்கு கொள்கின்றன. மனஇறுக்கம் உள்ளவரின் தோள் உயர்ந்தே இருக்கிறது. விரல் ஓங்கித் தட்டுகிறது. ராமசீனியின் மூன்றாவது காரணம் இதுதானே?

மனமும் பங்கு கொள்கிறது என்பதால் வலி பொய் என்று ஆகாது. அளவியில் தெரியாதது இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவது விஞ்ஞான மனப்பான்மையன்று. அளவியின் எல்லையை அறிந்து பேசுவதே விஞ்ஞானம்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்த இயற்பியலிலிருந்தே வழிகளும் கிடைக்கின்றன.

முதலாவது, கோணத்தைச் சுழியாக்குங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். கீபோர்டின் பின்புறத்தில் நிமிர்த்திவிடும் இரண்டு கால்கள் இருக்கும். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும், மடக்கியே வையுங்கள். தட்டும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைக்கக் கூடாது.

இரண்டாவது, இழுவிசையைக் குறையுங்கள். கீக்கு வேண்டியது 50 கிராம்தான். தட்டும் ஓசையைக் குறைக்க முயன்றாலே விசை தானாகக் குறையும்.

மூன்றாவது, குடத்தை அவ்வப்போது இறக்கிவையுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் வரித்துறை அலுவலகத்தில் விவரப் பதிவு செய்வோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2000 இல் வெளியிட்டனர். வழக்கமான இடைவேளைகளுடன் ஐந்தைந்து நிமிடமாக நாளொன்றுக்கு 20 நிமிடம் கூடுதல் ஓய்வு தரப்பட்டது. கை, தோள், கண் ஆகியவற்றின் வேதனை குறைந்தது. 20 நிமிடம் குறைவாக வேலை செய்தும் பதிவு செய்த அளவு குறையவில்லை! முதலாளிகளும் படிக்க வேண்டிய ஆய்வு இது.

கைப்பேசியில் இரண்டு கட்டைவிரல்களாலும் எழுதுகிற உங்களுக்கும் இவை பொருந்தும். கட்டைவிரலை உயர்த்தும் நாண்கள், மணிக்கட்டின் அவ்விரல் பக்கமாக ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து வலிக்கும் நோயை ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டி குவர்வான் 1895 இல் விவரித்தார். கைப்பேசியைக் கனவிலும் அறியாத காலம் அது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்? ஓய்வு எடுத்தும் வலி போகாவிட்டால். விரல்கள் மரத்து இரவில் தூக்கம் கலைந்தால். கையில் பிடித்த தம்ளர் நழுவினால். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தால். நசுங்கிய நரம்பை நெடுநாள் கவனியாமல் விட்டால் இழந்த உணர்ச்சி முழுதும் திரும்பாமல் போகலாம். தைலம் தேய்த்துக்கொண்டு பொறுத்திருப்பது வீரமன்று.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அன்று திருகு அளவியைத் தவிர்த்து வேறு சோதனை தந்து தேர்வை முடித்தோம். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி அவளுடைய தந்தையிடம் பேசினேன். நரம்பில் குறையில்லை, நாண்களும் தசைகளும்தான் களைத்துள்ளன என்றார் மருத்துவர். சில வாரங்கள் வேலையை நிறுத்தினாள். பிறகு நான்கு மணி நேரத்தை இரண்டாகக் குறைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் தன் நாற்காலிக்கு ஒரு மெத்தை போட்டு உயரத்தைச் சரிசெய்துகொண்டாள். வலி படிப்படியாகக் குறைந்தது. தேர்வு எழுதும் நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கும் என்பாள். குறைந்த வருவாய்க்கு ஈடாகக் கல்லூரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். ஒரு பகுதி கிடைத்தது.

அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. "மருந்தைவிட, சார், அந்தக் கப்பிக் கணக்குதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சோம்பல் என்று சொல்லவில்லை."

உங்கள் வீட்டிலும் அக்காவோ அண்ணனோ, மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார்களா? ஒரு நூலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருங்கள். பிறகு அவர்கள் வேலை செய்யும் மேசையின் உயரத்தை அளந்து பாருங்கள்.